காவலும் கதவடைப்பும்

2025-ஆம் வருஷம் நவம்பர் 21-ஆம் தேதி முதல், தொழிலாளர் சம்பந்தமான நான்கு சட்டத் தொகுப்புகள் நம் தேசத்தில் அமுலுக்கு வந்திருக்கின்றன. அவற்றுள், தொழிலிடப் பாதுகாப்பைப் பற்றிய 2020-ஆம் வருஷத்துத் தொகுப்பில் 43-வது பிரிவு ஒன்று இருக்கிறது. எல்லா ஸ்தாபனங்களிலும் எல்லா வேலைகளிலும் பெண்கள் அமர உரிமையுடையர் என்றும், அவர்கள் சம்மதித்தால் மாலை 7 மணிக்குப் பின்னும் காலை 6 மணிக்கு முன்னும் அவர்களை வேலையில் அமர்த்தலாம் என்றும், அவ்வாறு அமர்த்தும் முதலாளி, சர்க்கார் விதிக்கும் பாதுகாப்பு நிபந்தனைகளுக்கு உட்பட வேண்டும் என்றும் அப்பிரிவு கூறுகிறது. நான்கு தொகுப்புகளைப் பற்றியும் தொழிற்சங்கத்தாருக்குப் பலத்த ஆட்சேபங்கள் உண்டு. அவற்றை இங்கே நாம் ஆராயப் புகவில்லை. இந்த ஒரு பிரிவை மட்டும் எடுத்துக்கொள்வோம். அது ஒரு கதவைத் திறந்திருக்கிறது. திறந்ததை வரவேற்கிறோம். ஆனால் திறந்த கதவுக்கு அப்பால் விளக்கு எரிகிறதா என்று கேட்பதும் நமது கடமை.

இத்தனை காலம் அக்கதவு ஏன் அடைக்கப்பட்டிருந்தது? 1948-ஆம் வருஷத்து யந்திரசாலைச் சட்டத்தின் 66-வது பிரிவு, மாலை 7 மணிக்கு மேல் காலை 6 மணிக்குள் பெண்களை ஆலைகளில் வேலை வாங்கலாகாது என்று விதித்தது. நேரத்தைச் சிறிது மாற்றிக்கொள்ள ராஜ்ய சர்க்கார்களுக்கு அதிகாரம் இருந்தது; எனினும் இரவு 10 முதல் காலை 5 வரை எவ்விதத் தளர்வுக்கும் இடமில்லை. இது நம் தேசத்தில் மட்டும் தோன்றிய எண்ணமன்று. சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1919-இல் வாஷிங்டனில் கூட்டிய முதல் மகாநாட்டிலேயே, பெண்களின் இரா வேலையைத் தடுக்கும் உடன்படிக்கை ஒன்று நிறைவேறிற்று. ஆலை முதலாளிகள் பெண்களையும் குழந்தைகளையும் அளவின்றி வேலை வாங்கிய காலத்தில், கருணையுள்ளம் படைத்தோர் செய்த ஏற்பாடு அது. அதன் நோக்கத்தை நாம் இகழவில்லை.

அன்றியும், இவ்விஷயத்தில் தேசீயப் பத்திரிகைகள் பிறர்மீது கல்லெறியத் தகுதியுடையன அல்ல. 1881, 1891 ஆகிய வருஷங்களில் யந்திரசாலைச் சட்டங்கள் வந்தபோது, இவை இந்திய ஆலைகளை நசுக்க லங்காஷயர் முதலாளிகள் செய்த சூழ்ச்சி என்று அக்காலத்துத் தேசீயப் பத்திரிகைகளிற் பெரும்பாலானவை முழங்கின. 1891-ஆம் வருஷத்துச் சட்டம் பெண்களின் வேலை நேரத்தை நாளொன்றுக்குப் பதினொரு மணிக்குக் குறைத்தது. அதையுங்கூட எதிர்த்தவர் உண்டு. பம்பாயில் லோகாண்டே நடத்திய 'தீனபந்து' போன்ற மிகச் சிலவே தொழிலாளர் பக்கம் நின்றன. லங்காஷயரின் சுயநலம் உண்மை; அதைப்போலவே பம்பாய் ஆலையில் தறியருகே நின்ற பெண்ணின் கால்வலியும் உண்மை. ஓர் உண்மையைக் கொண்டு மற்றோர் உண்மையை மறைத்தனர் நம் முன்னோர். அப்பிழையை நாமும் செய்யலாகாது.

பெண்களைக் காப்பதற்காகவே இரவில் கதவை அடைத்தோம் என்று சொல்வார்க்கு நாம் ஒன்று கூறுவோம். இரவில் ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளின் தலைமாட்டில் விழித்திருப்பவர் யார்? நடுநிசிக்குப் பின் காசிமேட்டுத் துறையில் மீன் ஏலத்துக்குக் கூடையுடன் நிற்பவர் யார்? விடியுமுன் கோயம்பேட்டில் பூ வாங்கிச் சுமப்பவரும், கோழி கூவுமுன் தெருக் கூட்டுபவரும், நாற்றுப் பறிக்கச் சேற்றில் இறங்குபவரும் யார்? இவர்களுடைய மானத்தையும் உயிரையும் பற்றி எந்தச் சட்டமும் கவலைப்பட்டு அவர்களை வீட்டுக்கு அனுப்பவில்லை. எங்கே இராப்படியும், நிலையான சம்பளமும், உத்தியோக உயர்வும் கிடைக்குமோ அங்கேதான் காவலின் பெயரால் கதவு அடைபட்டது. கூலி குறைந்த வேலைக்கு இருட்டு ஒரு தடையாக இருந்ததில்லை. கூலி உயர்ந்த வேலைக்கு மட்டும் அது பெருந்தடையாக நின்றது. இதனைக் காவல் என்று எப்படிச் சொல்வது?

இந்த நியாயத்தைச் சென்னை ஹைக்கோர்ட்டு 2000-ஆம் வருஷத்திலேயே கண்டுகொண்டது என்பதைத் தமிழர் பெருமையுடன் நினைவு கூரலாம். 66-வது பிரிவின் இரவுத் தடை, அரசியல் சட்டத்தின் 14, 15, 16-ஆம் விதிகளில் உறுதி செய்யப்பட்ட சமத்துவத்துக்கு விரோதமானது என்று அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதோடு நில்லாமல், பெண்களை இரவில் அமர்த்தும் ஆலை முதலாளி தனித்தனியாக அன்றித் தொகுதியாக அமர்த்த வேண்டும். வீட்டுக்கும் ஆலைக்கும் வண்டி விட வேண்டும். வாயிலில் பெண் காவலர் வேண்டும். ஓய்வறை தனியே வேண்டும். பாலியல் தொந்தரவைத் தடுக்க ஏற்பாடு வேண்டும் என்று நிபந்தனைகளையும் வகுத்தது. பெண்ணை விலக்குவது காவலன்று, அபாயத்தை விலக்குவதே காவல் என்பதுதான் அத்தீர்ப்பின் சாரம்.

இவ்வளவு தெளிவான உண்மையும் நமக்கு அடிக்கடி மறந்துபோகிறது. 2024 ஆகஸ்டு மாதத்தில் கல்கத்தா நகரில், சர்க்கார் மருத்துவக் கல்லூரி ஒன்றில், இரவுப் பணியில் இருந்த இளம் டாக்டர் ஒருவர் பலாத்காரத்துக்கு உள்ளாகிக் கொலையுண்டார். தேசமே கொதித்தது. அப்போது மேற்கு வங்காள சர்க்கார் வெளியிட்ட ஏற்பாடுகளில் ஒன்று, பெண்களுக்குக் கூடுமானவரை இரவு வேலை கொடுக்காதிருக்க வேண்டும் என்பது! கொலையுண்டவர் டாக்டர், குற்றம் செய்தவன் ஆண், தண்டனையோ ஏனைய பெண் டாக்டர்களுக்கு! சுப்ரீம் கோர்ட்டு செப்டம்பர் மாதத்தில் இதனைக் கண்டித்து, பாதுகாப்பு அளிப்பது சர்க்காரின் கடமையேயன்றிப் பெண்களை இரவில் வரவேண்டாமென்று சொல்வது முறையன்று என்று எடுத்துரைத்தபின்தான் அவ்வாசகம் கைவிடப்பட்டது. திருடன் வருகிறான் என்று வீட்டுக்காரனை ஊரைவிட்டு அனுப்பும் காவற்காரனை நாம் எங்கேனும் கண்டதுண்டா?

ஆதலின் கதவு திறந்தது நன்றே. இனி, புதிய சட்டத்தில் வரும் 'சம்மதம்' என்ற சொல்லை எடுத்து ஆராய்வோம். வக்கீல் தொழிலில் பழகிய நமக்குச் சம்மதம் என்பதன் பெறுமானம் நன்கு தெரியும். வேண்டாம் என்று சொல்லும் சுதந்திரம் உள்ளவர் சொல்லும் 'சரி' மட்டுமே சம்மதமாகும். 'இஷ்டமில்லையென்றால் நாளை முதல் வரவேண்டாம்' என்று மேஸ்திரி சொல்லக்கூடிய இடத்தில், ஒப்பந்தக்காரன் கீழ் நாட்கூலிக்கு நிற்கும் பெண் காகிதத்தில் வைக்கும் கையெழுத்துக்குச் சம்மதம் என்று பெயரிடுவது மொழியைப் பழிப்பதாகும். இராத்திரி வேலையை மறுத்த காரணத்தால் எந்தப் பெண்ணும் வேலையையோ சம்பளத்தையோ உயர்வையோ இழக்கலாகாது என்றும், ஒருமுறை கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்றும் விதிகளில் தெளிவாக இருத்தல் வேண்டும். இஃது இல்லாவிடின், கதவைத் திறந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு, உள்ளே தள்ளியதாகவே முடியும்.

இது வெறும் ஊகமன்று. திண்டுக்கல் வட்டாரத்து ஆடை ஆலை ஒன்றில் வேலை செய்த இருபது வயதுப் பெண் ஒருவர் 2021 ஜனவரியில் கொலையுண்டார். அவருடைய மேற்பார்வையாளர் மீதே குற்றம் சாட்டப்பட்டது. அப்பெண் வேலையிடத்திலேயே தொந்தரவுக்கு ஆளாகியிருந்தார் என்றும், வேலை போய்விடுமென்ற அச்சத்தால் முறையிட இயலவில்லை என்றும் அவரைச் சேர்ந்தோர் கூறினர். சட்டம் அப்போதும் இருந்தது, அச்சமும் இருந்தது, அச்சமே வென்றது. அதன் பின்னர், தலித் பெண்கள் தலைமை தாங்கும் தொழிற்சங்கம் ஒன்று விடாது போராடி, ஆலையாரோடும் அங்கே துணி வாங்கும் அந்நிய தேசத்துக் கம்பெனிகளோடும் 2022 ஏப்ரலில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. திண்டுக்கல் ஒப்பந்தம் என்று அது வழங்குகிறது. தொழிலாளப் பெண்களிடமிருந்தே பொறுக்கி எடுத்த கண்காணிப்பாளர்கள் ஆலைக்குள் தொந்தரவுகளைக் கவனித்து அறிவிப்பர், முறையிட்டவரைப் பழிவாங்கலாகாது, ஒப்பந்தத்தை ஆலை மீறினால் வியாபாரக் கம்பெனிகள் அதற்குரிய விளைவை உண்டாக்க வேண்டும். முறையீட்டுக்குப் பின்னால் ஒரு சங்கத்தின் பலமும் ஒரு வியாபாரத்தின் லாபநஷ்டமும் நின்றபோதுதான் பெண்ணின் சொல்லுக்குக் கனம் ஏற்பட்டது. தமிழ்நாட்டின் எளிய பெண்கள் உலகத்துக்குக் காட்டிய இவ்வழியை, தமிழ்நாட்டின் படித்த ஆண்கள் எத்தனை பேர் அறிவர்?

சட்டம் இல்லாமலில்லை. ராஜஸ்தானத்தில் 1992-இல் குழந்தை விவாகத்தைத் தடுக்க முனைந்த கிராமத் தொண்டர் ஒருவருக்கு இழைக்கப்பட்ட கொடுமையை முன்னிட்டு, 1997-இல் சுப்ரீம் கோர்ட்டு விசாகா வழக்கில் நெறிகளை வகுத்தது. அந்நெறிகள் சட்டமாக மாறப் பதினாறு வருஷங்கள் கடந்தன. 2013-ஆம் வருஷத்துச் சட்டப்படி, பத்துப் பேரும் அதற்கு மேற்பட்டோரும் வேலை செய்யும் ஒவ்வோர் இடத்திலும், பெண் ஒருவர் தலைமையில், பாதிக்குக் குறையாமற் பெண்கள் கொண்டதாய், வெளியார் ஒருவரும் அமர்ந்த விசாரணைக் கமிட்டி இருத்தல் வேண்டும். பத்துப் பேருக்குக் குறைந்த இடங்களுக்கும் வீட்டு வேலை செய்வோருக்கும் ஜில்லா தோறும் ஒரு கமிட்டி வேண்டும். மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும். தொண்ணூறு நாளில் விசாரணை முடிய வேண்டும். கமிட்டி அமைக்காத முதலாளிக்கு ஐம்பதினாயிரம் ரூபாய் வரை அபராதம். எழுத்தில் குறையில்லை. ஆனால் சட்டம் பிறந்து பத்தாம் வருஷமாகிய 2023-இல், அதனை நிறைவேற்றுவதில் பெருங்குறைகள் உள்ளன என்று சுப்ரீம் கோர்ட்டே வருந்த நேர்ந்தது. நேயர்களை நாம் ஒன்று கேட்கிறோம். உங்கள் காரியாலயத்தில், கடையில், அச்சுக்கூடத்தில், பள்ளிக்கூடத்தில் அக்கமிட்டியின் தலைவர் யார்? உங்கள் ஜில்லாக் கமிட்டியில் இருப்பவர் யார்? பெயர் தெரியாத கமிட்டியிடம் முறையிடுவது எப்படி?

பத்திரமாக வேலை செய்வது ஒரு பாதி. சமமாக வேலை செய்வது மறுபாதி. 2019-20-ஆம் வருஷத்துக் கைத்தொழில் கணக்கெடுப்பின்படி, இந்தியாவின் ஆலைகளில் வேலை செய்த பெண்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் தமிழ்நாட்டு ஆலைகளில் இருந்தனர். இது நமக்குப் பெருமை. பெருமைக்கு ஏற்ற பொறுப்பும் உண்டு. சம வேலைக்குச் சம ஊதியம் என்பதை அரசியல் சட்டத்தின் 39-வது விதி கூறுகிறது. 1976-இல் அது தனிச் சட்டமாயிற்று. இப்பொழுது ஊதியத் தொகுப்பில் அடங்கியிருக்கிறது. பம்பாய்க் கப்பல் கம்பெனி ஒன்றில் பெண் சுருக்கெழுத்தாளர்களுக்கு ஆண்களினும் குறைந்த சம்பளம் அளித்ததை 1987-இல் சுப்ரீம் கோர்ட்டு தவறென்று தீர்த்தது. ஆயினும் நமது கிராமங்களில் ஆண் கூலி, பெண் கூலி என்று இரண்டு சொற்கள் இன்னும் நாணமின்றி வழங்குகின்றன. 2005-ஆம் வருஷத்து ஊரக வேலை உறுதிச் சட்டம் இருபாலார்க்கும் ஒரே கூலி, வீட்டுக்கு அருகிலேயே வேலை என்று விதித்தது. அதன் கீழ்த் தமிழ்நாட்டில் நடந்த வேலை நாட்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் பெண்கள் உழைத்த வருஷங்கள் பல. பெண்களுக்கு வேலைக்கு வர விருப்பமில்லை என்பார்க்கு இதைவிட வேறு விடை வேண்டுமா?

சமத்துவம் பெரிய தீர்ப்புகளில் மட்டும் இல்லை; ஒரு முக்காலியிலும் இருக்கிறது. ஜவுளிக் கடைகளிலும் நகைக் கடைகளிலும் காலை முதல் இரவு வரை உட்காராமல் நின்று, கால் வீங்கிய பெண்களை நாம் ஒவ்வொருவரும் பார்த்திருக்கிறோம். பார்த்துப் புடவை பேரம் பேசி வந்திருக்கிறோம். கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவின் கடைப் பெண்கள் இக்கொடுமையை எதிர்த்து எழுந்தனர். 2018-இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021-இல் தமிழ்நாட்டுச் சட்டசபையும் கடைகளில் வேலை செய்வோருக்கு இருக்கை அளிக்க வேண்டும் என்று திருத்தம் செய்தது. அந்த 2021-ஆம் வருஷத்து மே மாதத்தில் தொடங்கிய கட்டணமில்லாப் பஸ் பிரயாணம், வேலை தேடிச் செல்லும் ஏழைப் பெண்ணுக்கு எத்தனை ஊர்களை அருகில் கொண்டுவந்தது என்பதும் கண்கூடு. ஆனால் இரவு வேலை முடிந்து வெளியே வருபவளுக்குப் பஸ் எங்கே? பஸ் நிற்குமிடத்தில் விளக்கு எங்கே? அங்கிருந்து வீட்டுக்குப் போகும் சந்தில் காவல் எங்கே?

மற்றொரு விஷயம். 2017-இல் பிரசவ விடுமுறை இருபத்தாறு வாரமாக உயர்ந்தது. நல்லதே. ஆனால் ஈ.எஸ்.ஐ. இன்ஷூரன்ஸில் சேராத ஸ்தாபனங்களில் அவ்விடுமுறைச் சம்பளம் முழுவதையும் அந்த முதலாளியே கொடுக்க வேண்டும். இதனால், கல்யாண வயதுப் பெண்ணை வேலைக்கு எடுக்கவே தயங்கும் சிறு முதலாளிகள் பெருகுவர். குழந்தை தேசத்துக்குப் பிறக்கிறது. செலவு ஒருவர் தலையில் விழுகிறது. பலன் யாதெனில் தாய்க்கு வேலை போகிறது. எல்லா முதலாளிகளும், ஆண் பெண் என்ற பேதமின்றி எல்லாத் தொழிலாளர் பேரிலும், சர்க்காரோடு சேர்ந்து செலுத்தும் பொது நிதியிலிருந்து இச்சம்பளம் கொடுக்கப்பட வேண்டும் என்பது நமது துணிபு. அதே சட்டம், ஐம்பது பேர் வேலை செய்யும் இடங்களிற் குழந்தைக் காப்பகம் வேண்டுமென்கிறது. ஐம்பது பெண்கள் என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். குழந்தைக்குத் தகப்பனும் உண்டு என்பதைச் சட்டமாவது நினைவில் வைத்திருக்கிறது.

இங்கே தகப்பன்மாரிடம், அஃதாவது இப்பத்திரிகையைப் படிக்கும் பெரும்பாலோரிடம், நாம் சில வார்த்தை பேச வேண்டும். 2017-18-இல் பதினைந்து வயதுக்கு மேற்பட்ட இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 23 பேரே தொழில் உலகில் இருந்தனர். 2023-24-இல் அது சுமார் 42 ஆயிற்று. ஆண்கள் நூற்றுக்கு 79. இவ்வுயர்விற் பெரும்பகுதி, சொந்தத் தொழிலிலும், வீட்டு நிலத்தில் சம்பளமின்றி உதவுவதிலும் ஏற்பட்டதே. சம்பளமுள்ள வேலைக்குப் பெண் வரவில்லையே என்று வியப்பவர், 2024-ஆம் வருஷத்துக் காலப் பயன் கணக்கைப் பார்க்கட்டும். வீட்டு வேலை செய்யும் பெண்கள் நாளொன்றுக்கு அதில் செலவிடுவது 289 நிமிஷம். வீட்டு வேலை செய்யும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிஷம். மேடையில் சமத்துவம் பேசிவிட்டு வீடு திரும்பி, சாப்பிட்ட தட்டை அப்படியே விட்டு எழுந்திருக்கும் தேசபக்தரை நாம் அறிவோம். அவரை நம்மிலும் காண்கிறோம். ஆலைக் கதவைச் சட்டம் திறந்துவிடலாம்; அடுக்களைக் கதவைத் திறப்பது ஆண்மக்கள் கையில் இருக்கிறது.

ஆகவே நாம் கோருவன இவை. இராத்திரி வேலை பற்றிய விதிகளில், மறுக்கும் உரிமையும் பழிவாங்காமையும் எழுத்தில் இருக்கட்டும். வண்டி, விளக்கு, பெண் காவலர் ஆகியவை இருப்பதைக் கண்ணாற் கண்டபின்பே இரவு வேலைக்கு அனுமதி அளிக்கட்டும். அங்கே வேலை செய்யும் பெண்களைத் தனியே கேட்டறியாமல் எந்த இன்ஸ்பெக்டரும் அறிக்கை எழுதவேண்டாம். விசாரணைக் கமிட்டி அங்கத்தினரின் பெயர்கள் தமிழில் வாயிற் சுவரில் தொங்கட்டும். தொழிற்சங்கங்கள், பெண்களிடம் சந்தா வாங்குவதோடு நில்லாமல், நிர்வாக சபைகளிற் பாதி இடத்தையும் அவர்களுக்கு விடட்டும். காங்கிரஸ்காரரோ, பொதுவுடைமைக்காரரோ, எக்கட்சியினரோ ஆகுக. தம் ஊரில் ஓர் ஆலையையோ ஒரு கடைத்தெருவையோ தேர்ந்துகொண்டு, இவை நடக்கின்றனவா என்று மாதம் ஒருமுறை சென்று கேட்கும் தொண்டர்கள் நமக்குத் தேவை.

1931-ஆம் வருஷம் கராச்சியிற் கூடிய காங்கிரஸ், சுயராஜ்யத்தில் பிரஜைகளுக்கு உள்ள உரிமைகளை வரையறுத்தபோது, தொழிலாளருக்கு ஜீவனத்துக்குப் போதிய கூலியும், பெண் தொழிலாளருக்குப் பாதுகாப்பும், பிரசவ காலத்து விடுமுறையும் அத்தீர்மானத்தில் இடம்பெற்றன. அடிமைப்பட்ட தேசம், சிறையிலிருந்து வெளிவந்த தலைவர்களின் வாயிலாக, தன் பெண்மக்களுக்குக் கொடுத்த வாக்கு அது. சுதந்திரம் வந்தது, அரசியல் சட்டம் வந்தது, சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் வந்தன. இரவு வேலை முடிந்து ஆலை வாயிலில் நிற்கும் ஒரு பெண், தன் கூலியைக் குறைவின்றிப் பெற்று, பின்னால் திரும்பிப் பாராமல், தனியே நடந்து வீடு சேரும் நாளிலேதான் அவ்வாக்கு நிறைவேறியதாகும். அந்நாள் வரை, சட்டம் வந்துவிட்டது என்று நாம் உறங்கப் போகலாகாது.